கரைக்குக் கரை ஓடும் சொல்

மதிப்பிற்குரிய கலைச்சொல் ஆக்குவோருக்கு,

பல்கலைக்கழகத்தில் சொற்பட்டியல் தயாரிப்பவர்கள், பாடநூல் மொழிபெயர்ப்பவர்கள், அகரமுதலிப் பணியில் இருப்பவர்கள், பத்திரிகை அலுவலகத்தில் அச்சுக்குப் போகும் நேரத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடித் தவிப்பவர்கள் என்று உங்களில் பல வகை உண்டு. அத்தனை பேருக்கும் சேர்த்தே இந்த மடல். பேசப்போவது ஒரே ஒரு சொல்லைப் பற்றி: ஷட்டில். ஒரு சொல்லுக்கு ஒரு முழு மடலா என்று கேட்பீர்கள். நீங்கள் தினமும் மல்லுக்கட்டும் சிக்கல் முழுவதும் இந்தச் சொல்லுக்குள் சுருண்டு கிடக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கப் பட்டு நெசவு ஊரான ஆரணியைவிட வசதியான ஊர் வேறு இல்லை.

இந்த ஊரில் ஷட்டில் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். மாலையில் மட்டையோடு மைதானத்துக்குக் கிளம்பும் பையனுக்கு அது ஒரு விளையாட்டு. தையல்காரருக்கு மெஷினுக்கு அடியில் பாபின் உட்காரும் இரும்பு. ஆரணி ரோடு என்று பெயர் வைத்துக்கொண்டு களம்பூரில் நிற்கும் ரயில் நிலையத்தில் ஒரு பெரியவரைக் கேட்டால், இரண்டு ஊர்களுக்கு நடுவே போய்ப்போய் வரும் வண்டி என்பார். உயிர்வேதியியல் படிக்கும் மாணவிக்கு அது செல்லுக்குள் நடக்கும் ஒரு போக்குவரத்து. செய்தி படிப்பவருக்கு அமெரிக்காவின் விண்வெளி ஊர்தி. எல்லோரும் இந்தச் சொல்லைப் புழங்குகிறார்கள், ஒருவரைத் தவிர. அவர் குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளர். அவர் கையில் இருக்கும் கருவிக்குத்தான் ஆங்கிலத்தில் ஷட்டில் என்று பெயர். அதிலிருந்துதான் மற்ற பொருள்கள் எல்லாம் கிளம்பின. ஆனால் அவர் ஷட்டில் என்று சொல்வதில்லை, நாடா என்கிறார்.

அந்த நாடாவைக் கையில் வாங்கிப் பார்த்தால் பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும். இரண்டு முனையும் கூர்ந்த, வழுவழுப்பான ஒரு சிறு மரப்படகு. நடுவே குடைந்த பள்ளம். பள்ளத்துக்குள் ஊடை நூல் சுற்றிய தார். பக்கவாட்டில் ஒரு சிறு துளை, அதன் வழியே பட்டிழை வெளியே வருகிறது. நெசவாளர் மிதியை அழுத்தினால் விழுது எழும்பிப் பாவிழைகள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. அந்த இடைவெளியில் நாடா ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடுகிறது. போகிற வழியெல்லாம் இழையை விட்டுக்கொண்டே போகிறது. அச்சு வந்து அந்த இழையை நெருக்கித் தள்ளுகிறது. மிதி மாறுகிறது, நாடா திரும்புகிறது. ஒரு சேலை முடிவதற்குள் இந்தப் போக்குவரத்து ஆயிரக்கணக்கான முறை நடக்க வேண்டும். நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். அது எறியப்படுகிறது. போய்த் திரும்புகிறது. போகும்போது எதையோ சுமந்து சென்று விட்டுவிட்டு வருகிறது. இரு கரையிலும் அதற்கு இடம் இருக்கிறது.

ஆங்கிலம் முதலில் பிடித்துக்கொண்டது எறிதலை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முன்னோடி எறியம்பைக் குறித்தது. சுடுதலைக் குறிக்கும் ஆங்கில வினையும் அதே குடும்பம்தான். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் அது தறிக்கருவிக்குப் பெயரானது. 16ஆம் நூற்றாண்டில் இறகு செருகிய பந்துக்குப் போனது. 1733இல் ஜான் கே என்ற ஆங்கிலேயர், கையால் எறியாமல் கயிற்றை இழுத்து ஓட்டும் நாடாவுக்குக் காப்புரிமை வாங்கினார். பறக்கும் நாடா என்று அதற்குப் பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே மட்டும் ஓடும் ரயிலுக்கும் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. 1974இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிஞ்சர் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் நடுவே விமானத்தில் போய்ப்போய் வந்தபோது ராஜதந்திரத்துக்குள் நுழைந்தது. 1981 ஏப்ரலில் கொலம்பியா என்ற ஊர்தி விண்ணுக்குக் கிளம்பியது முதல், 2011 ஜூலையில் கடைசிப் பயணம் முடிந்தது வரை, 135 பயணங்கள் கண்ட விண்வெளித் திட்டம் ஒன்றின் பெயராக அது இருந்தது.

இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. இத்தனை துறைகளும் ஒரே சொல்லை எடுத்துக்கொண்டன. ஒரே பொருளை எடுத்துக்கொள்ளவில்லை. துறைக்குத் துறை தறியின் ஏதோ ஓர் அசைவை மட்டும் கிள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். பந்தாட்டக்காரருக்குப் போய்த் திரும்புவது மட்டும் போதும். 5 கிராம் எடையுள்ள அந்த 16 இறகுப் பந்து வலையைத் தாண்டும்போது எதையும் விட்டுவிட்டு வருவதில்லை. விண்வெளிக்காரர்களுக்கு முக்கியமானது திரும்பி வருவதும் மறுபடி கிளம்புவதும். அதற்கு முந்தைய ராக்கெட்டுகள் ஒருமுறை போனால் போனதுதான். உயிர்வேதியியலாளர் பிடித்துக்கொண்டது சுமந்துபோய் இறக்கும் வேலையை. நீண்ட கொழுப்பு அமிலங்களால் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தாமாகக் கடக்க முடியாது. கார்னிட்டின் என்ற மூலக்கூறு அவற்றைச் சுமந்து உள்ளே போய் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு வெளியே வந்து அடுத்த சுமையை ஏற்றிக்கொள்கிறது. தறியின் நாடாவுக்கு மிக நெருங்கிய உறவு எது என்று கேட்டால் ரயிலையோ ராக்கெட்டையோ சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத இந்த மூலக்கூறைத்தான் சொல்வேன்.

ஆகவே ஷட்டிலுக்குத் தமிழ் என்ன என்று கேட்பது தவறான கேள்வி. இந்தத் துறை தறியிலிருந்து எந்த அசைவை எடுத்தது என்று கேட்டால்தான் சரியான தமிழ் கிடைக்கும். உங்கள் பட்டியல்களில் பெரும்பாலும் இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல், நடுவே ஒன்றுமில்லை. அந்த வெற்றிடத்தில் அசைவு தொலைந்துபோகிறது. பிறகு மொழிபெயர்ப்பாளர் வலப்பக்கச் சொல்லை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுகிறார், வாசகர் விழிக்கிறார்.

தமிழ் இதைச் சரியாகச் செய்த இடங்களும் உண்டு. விளையாட்டை இறகுப்பந்து என்றோம். அசைவை விட்டுவிட்டுப் பொருளைப் பார்த்து வைத்த பெயர், நல்ல பெயர். அப்படியும் தெருவில் ஷட்டில் என்றே சொல்கிறார்களே என்றால், அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பேட்மிண்டன் இரண்டு. மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்து ஆடும் ஆட்டம் ஒன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே தஞ்சை அரச குடும்பம் ஆடிய ஆட்டம் என்று அதற்குப் பேர். அதிலிருந்து இறகு ஆட்டத்தைப் பிரித்துக்காட்ட மக்களுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது, ஷட்டில் அந்த வேலையைச் செய்கிறது. ஆங்கிலேயருக்கு இல்லாத தேவைக்கு நம் மக்கள் ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதைத் திருத்தப் போகாதீர்கள்.

ராஜதந்திரத்துக்குப் புதுச்சொல்லே தேவைப்படவில்லை. 1983 முதல் ஜி. பார்த்தசாரதி இந்திரா காந்தியின் தூதராக டெல்லிக்கும் கொழும்புக்கும் நடுவே போய்வந்ததை எழுத, தூது என்ற பழஞ்சொல் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. விண்வெளி ஊர்திக்கு விண்வெளி ஓடம், விண்ணோடம் என்று எழுதினார்கள். இதைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். ஓடம் என்றால் படகு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய தமிழ் அகராதிகளைப் புரட்டினால் ஓடத்துக்கு இன்னொரு பொருளும் இருக்கும்: நெசவு நாடா. உலகத்தில் வேறு சிலரும் இதே கண்ணோடு பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சில் நாடாவுக்கும் விண்வெளி ஊர்திக்கும் நவெத் என்று ஒரே பெயர். அடிப்பொருள் சிறு கப்பல். ஜெர்மானிய நெசவாளர் அதை நெய்வோரின் குட்டிக்கப்பல் என்றே அழைத்தார். ஸ்பானியர் ஆங்கிலேயரைப் போல எறிதலிலிருந்து பெயர் வைத்தார்கள். ஆக, ஈட்டியாகப் பார்த்தவர்கள் ஒரு பக்கம், படகாகப் பார்த்தவர்கள் மறுபக்கம். விண்ணோடம் என்று பெயர் வைத்தவருக்குத் தறி ஞாபகம் இருந்ததோ இல்லையோ, சொல் மட்டும் சுற்றிவளைத்துத் தறிக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

நாடா என்ற உயிருள்ள சொல் தறியில் இருக்கும்போது ஓடத்தை ஏன் தேட வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நாடாவைப் பொதுவழக்கில் வேறொரு நாடா விழுங்கிவிட்டது. பாவாடை நாடா, ஒலிநாடா, அளவு நாடா, அரசு அலுவலகத்துச் சிவப்பு நாடா, கடை திறக்க வருகிற பிரமுகர் கத்தரிக்கும் நாடா. இது இந்துஸ்தானியிலிருந்து வந்த நாடா. தறி நாடாவுக்குத் தெலுங்கில் நாடெ என்ற உறவு இருக்கிறது. ஒன்று நெய்கிற கருவி, மற்றொன்று நெய்த துணி. எழுத்தில் இரண்டும் ஒன்று. விண்நாடா என்று எழுதியிருந்தால் வானத்தில் யாரோ ரிப்பன் கட்டியதாகத்தான் ஜனங்கள் நினைத்திருப்பார்கள். தறிக்குள் நாடா, தறிக்கு வெளியே ஓடம் என்ற பங்கீடு தானாகவே அமைந்துவிட்டது. அதை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

உங்களில் சிலர் எழுப்பப்போகும் முதல் மறுப்பு எனக்குத் தெரியும். அறிவியலில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். ஓடத்தை விண்ணுக்கும் செல்லுக்கும் மாறிமாறி ஓட்டினால் குழப்பம் வராதா? இதற்குப் பதில் சொல்ல ஆங்கிலம்கூட வேண்டாம், ஆரணித் தறி போதும். அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். தறியில் அது பாவிழைகளை வரிசை பிடித்து ஊடையை நெருக்கும் சீப்பு. வண்டியில் சக்கரம் சுற்றும் தண்டு. அச்சகத்தில் எழுத்து. அடுப்படியில் அச்சு முறுக்கு, பக்கத்தில் அச்சு வெல்லம். பள்ளிக்கூடத்து வரைபடத்தாளில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லர் அணியின் பெயர். தாரும் அப்படித்தான்: தறியில் ஊடை சுற்றிய குழல், தோட்டத்தில் வாழைக்குலை, தெருவில் ஜல்லி மேல் ஊற்றும் கறுப்புக் குழம்பு. தார் போட்டாயிற்றா என்று தறி வீட்டில் கேட்டால் யாரும் ரோடு ரோலரைத் தேடுவதில்லை. ஒரு துறைக்குள் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பது சரியான விதி. அதை மொழி முழுவதற்கும் நீட்டினால் மொழி மூச்சுத் திணறும். உண்மையில் குழப்பம் வரும் இடங்களைத் தனியாகக் கவனிக்கத்தான் வேண்டும். நாடாவில் நான் செய்தது அதைத்தான்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. ஆங்கிலேயரே தறியை மறந்துவிட்டார்கள்; விமான நிலையத்தில் ஷட்டில் பேருந்துக்குக் காத்திருக்கும் லண்டன்காரருக்கு நெசவு ஞாபகம் வருவதில்லை. அப்படியிருக்க நாம் மட்டும் ஏன் வேரைத் தோண்ட வேண்டும், ஷட்டில் என்றே எழுதிவிட்டுப் போகலாமே? லண்டன்காரர் தறியை மறந்தது உண்மை. ஆனால் அவருடைய மொழியில் இந்தச் சொல் இன்னமும் வினையாக உயிரோடு இருக்கிறது. இங்கும் அங்குமாகப் போய்வருவதை அவர் இந்தச் சொல்லாலேயே சொல்கிறார். அதனால் பாடப்புத்தகத்தில் கார்னிட்டின் ஷட்டில் என்று கண்டவுடன் ஏதோ ஒன்று போய்ப்போய் வருகிறது என்ற அளவு அவருக்குப் புரிந்துவிடும். ஆரணிப் பையன் அதே இடத்தில் அதே எழுத்துக்களைக் கூட்டிப் படித்தால் அவன் கண்முன் வருவது இறகுப்பந்து. கடன் வாங்கும்போது நாம் பெயரை மட்டும் வாங்கினோம். வினை அந்தக் கரையிலேயே தங்கிவிட்டது. கார்னிட்டின் ஓடம் என்று எழுதிப் பாருங்கள். ஏற்றி, இறக்கி, திரும்பும் ஒரு வேலை ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்துவிடும். ஓடம் ஓடு என்ற வினையின் பிள்ளை. நெசவாளர் செய்வதும் நாடா ஓட்டுவதுதான்.

இதிலிருந்து நான் தனித்தமிழ்க் கட்சி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தறி வீட்டுப் பேச்சு தூய்மை பார்ப்பதில்லை. ஜரிகை பாரசீக வழி வந்தது. ஜக்கார்டு ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் செய்த துளையட்டைப் பெட்டிதான் இன்றும் தறிக்கு மேலே உட்கார்ந்து கரையிலும் முந்தானையிலும் பூ எடுக்கிறது. நெசவாளருக்கு ஒரே சோதனைதான்: சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்குச் சட்டென்று விளங்க வேண்டும். ஜரிகை அதில் தேறிவிட்டது. அதை எடுத்துவிட்டுப் பொன்னிழை என்று எழுதும் பட்டியல் கடைத்தெருவில் ஒரு நாள்கூடத் தாங்காது. ஷட்டில் விளையாட்டில் தேறியது, உயிர்வேதியியலில் தோற்றது. இடத்துக்கு இடம் தீர்ப்பு மாறுவதில் தவறில்லை. கலைச்சொல் ஆக்கிய முன்னோர் முயற்சியும் இப்படி நெசவுச் சத்தம் கேட்கும் ஓர் ஊரில்தான் தொடங்கியது: 1916இல் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் கலைச்சொற்களுக்காகக் கழகம் வைத்தது சேலத்தில். அடுத்த தெருவில் தறி ஓடிக்கொண்டிருந்த ஊர் அது.

ஊருக்கு ஊர் நெசவுச் சொல் மாறுமே, எதை எடுப்பது என்ற கேள்விக்கு அதிக நேரம் தேவையில்லை. எல்லாவற்றையும் ஊர்ப்பெயரோடு எழுதிவையுங்கள். தேர்வு பிறகு நடக்கட்டும்.

அவசரம் எழுதிவைப்பதில்தான் இருக்கிறது. 2009–10 கணக்கெடுப்பில் இந்தியாவில் கைத்தறித் தொழிலில் இருந்தவர்கள் 43.31 லட்சம். 2019–20 கணக்கெடுப்பில் 35.22 லட்சம். பத்து ஆண்டுகளில் எட்டு லட்சம் பேர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆரணித் தறிப்பேச்சுக்கு அப்படி ஒரு காவலும் இல்லை. ஒருவர் தறியை விட்டு வேறு வேலைக்குப் போகும்போது விழுதும் மிதியும் படைமரமும் அவர் வாயிலிருந்து உதிர்ந்துவிடுகின்றன. பிள்ளைகளுக்கு அவை போய்ச் சேருவதில்லை. பெயர் வைக்கும் முறையிலும் இந்தத் தேய்வு தெரிய ஆரம்பித்துவிட்டது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்று சொல்கிறது: மூத்தவனுக்கு அடையாளம், இளையவன் அல்லன் என்பது. ஆலைகளுக்கு வந்திருக்கும் புதிய தறிகளுக்குப் பெயர் ஷட்டில் இல்லாத் தறி. சிலவற்றில் காற்றோ தண்ணீரோ இழையைத் தள்ளுகிறது, நாடாவுக்கு அங்கே வேலை இல்லை. கருவி போன பிறகும் அதன் இன்மையால் ஓர் இயந்திரம் பெயர் பெறுகிறது. அந்தப் பெயரைத் தமிழில் எழுதும் மொழிபெயர்ப்பாளருக்கு நாடா என்றால் ரிப்பன் மட்டுமே தெரிந்திருந்தால், நாடா இல்லாத தறி என்பதை அவர் எப்படிப் படிப்பார்?

ஆகவே உங்களிடம் கேட்பது பெரிய திட்டம் ஏதும் இல்லை. பல துறைகளில் பல பொருள் தரும் ஆங்கிலச் சொல் வந்தால், தமிழ்ச் சொல்லை எழுதுவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள்: இந்தத் துறையில் இந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று. பிறகு அந்த வேலையைக் கையால் செய்கிற ஒருவர் தமிழ்நாட்டில் எங்காவது இருக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் இருப்பார். அவரிடம் சொல்லும் இருக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு கணக்கு தருகிறேன். மரபணுப் பொறியியலில் ஷட்டில் வெக்டர் என்று ஒன்று உண்டு. அது ஒரு டிஎன்ஏ வளையம், ஈ.கோலி பாக்டீரியாவுக்குள்ளும் பெருகும், ஈஸ்டுக்குள்ளும் பெருகும். இரண்டு உயிரிலும் பெருகத் தொடங்குவதற்கான இடங்கள் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. பாக்டீரியாவில் வைத்துக் கட்டுவார்கள், பெருக்குவார்கள், பிறகு ஈஸ்டுக்குள் அனுப்புவார்கள். இங்கே வேகம் முக்கியமில்லை, எறிதல் இல்லை. தறியிலிருந்து எடுத்தது நான் முதலில் சொன்ன நான்காவது குணத்தை: இரு பக்கமும் அதற்கு இடம் உண்டு. ஆற்றில் ஓடம் கரைக்குக் கரை போகிறது. ஆரணியில் சேலையின் இரு ஓரத்துக்கும் கரை என்றுதான் பெயர். நாடாவும் கரைக்குக் கரைதான் போகிறது. எனவே இருகரை ஓடம் என்பது என் முன்மொழிவு. இதைவிட நல்லது உங்களிடம் இருக்கலாம். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் இந்த ஊருக்கு வாருங்கள். தறி நடக்கும் வீட்டுத் திண்ணையில் சொல்லிப் பார்ப்போம், எது விளங்குகிறது என்று.

அன்புடன்,
ஆரணியிலிருந்து ஒரு வாசகன்